முதிய நாய்க்குப் புற்றுநோய் என்று தெரிந்தால்

வயது முதிர்ந்த நாய்க்குப் புற்றுநோய் என்று கால்நடை மருத்துவர் சொன்ன அன்றே எல்லாவற்றையும் முடிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் அது எந்த வகை, எங்கெல்லாம் பரவியுள்ளது, சிகிச்சையின் நோக்கம் குணப்படுத்துவதா அல்லது இருக்கும் காலத்தை வலியின்றிக் கழிக்க உதவுவதா என்பவற்றைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாய்களுக்கான கீமோதெரபி பெரும்பாலும் இதமான வாழ்வையே இலக்காகக் கொண்டு மிதமான அளவில் தரப்படுவதால், மனித நோயாளிகள் பட்ட துன்பத்தை நினைத்து அதை உடனே மறுத்துவிட வேண்டாம். நிணநீர்ப் புற்றுநோய் எனில் ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கும் முன்பே கீமோதெரபி பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். ஸ்டீராய்டை முன்னதாகக் கொடுத்தால் கீமோ மருந்துகளின் பலன் குறையக்கூடும்.

நாய்கள் வலியைக் குரலில் காட்டுவது குறைவு என்பதால், இரவில் அமைதியின்றி இடம் மாறிப் படுப்பது, ஓய்விலும் மூச்சிரைப்பது, மின்தூக்கிக்குள் நுழையத் தயங்குவது போன்றவற்றை அன்றாடம் நாட்காட்டியில் குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள். என் பார்வையில், கடினமான முடிவை எடுக்கும் வேளையில் குடும்பத்தார் அனைவருக்கும் இந்தக் குறிப்பே துணைநிற்கும். வீட்டிலுள்ள பனடால் (பாராசிட்டமால்), ஐபுப்ரோஃபென் போன்ற மனிதர்களுக்கான வலி மாத்திரைகளை நீங்களாகக் கொடுக்கவே கூடாது, அவை நாயின் உயிருக்கே ஆபத்தாகலாம். வீவக (சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் வழுக்கும் தரையில் ரப்பர் விரிப்பு போடுங்கள். வெயில் ஏறுமுன் நடக்க அழைத்துச் செல்லுங்கள். ஈறு வெளிறி நாய் திடீரெனத் துவண்டு விழுந்தால் உள்ளே இரத்தம் கசியக்கூடும் என்பதால், 24 மணி நேர கால்நடை மருத்துவமனை ஒன்றின் எண்ணை இப்போதே கைப்பேசியில் சேமித்து வையுங்கள்.