இஸ்தோப்பில் ஒரு டோபாலஜிப் போனான்: ஆறு தண்ணீர்ப் போத்தல் போதும்

உயர்தரப் பௌதிகவியலில் அலைவுகள் படித்திருந்தால் போதும், சமன்பாட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். திண்மத்துக்குள் அணுக்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு அதிர்கின்றன. அந்த அதிர்வின் சிறு பொதிதான் போனான். சிலிக்கனின் சாலக நீளம் (அணு ஒழுங்கு ஒரே மாதிரித் திரும்ப வரும் தூரம்) 0.543 நானோமீற்றர், ஜேர்மானியத்துக்கு 0.566. சிலிக்கன்மேல் ஜேர்மானியத்தை மென்படலமாக வளர்த்தால் அது சுமார் 4 சதவீதம் நெருக்கப்படும். பிணைப்புகளின் விறைப்பு மாறும், கூடவே போனான்களும் மாறும்.

சரி, வேலைக்கு வருவோம். தண்ணீர் நிரப்பிய, ஒரே அளவான அரை லீற்றர் போத்தல்கள் 6, இறப்பர் பேண்ட் 15. போத்தல்தான் அணு, பேண்ட்தான் பிணைப்பு. லயத்து இஸ்தோப்பின் (முன் விறாந்தையின்) உத்திரத்தில் ஒரு மீற்றர் கயிறுகளில் போத்தல்களை வரிசையாகத் தொங்கவிடுங்கள். அடுத்தடுத்த போத்தல்களை நடுவயிற்றில் பேண்டால் இணையுங்கள். இரு ஓரப் போத்தல்களையும் பக்கத்துத் தூண்களோடு மூன்று பேண்ட் சேர்த்துக் கட்டுங்கள். அதன்பின் போத்தல்களுக்கு இடையே வரிசையாக ஒன்று, மூன்று, ஒன்று, மூன்று, ஒன்று. ஒற்றைப் பேண்ட் அதிகமாக நீளும். போத்தல் சரிந்து நின்றால் மேல்கயிற்றை நகர்த்தி நேராக்குங்கள். இதில் அவசரப்படக் கூடாது. மலைக்காற்று கிளம்புமுன் காலையிலேயே செய்துவிடுங்கள்.

முதல் போத்தலை வரிசையின் திசையில் இழுத்து விடுங்கள். போனில் ஸ்லோமோஷன் வீடியோ எடுத்தால் தெளிவாகத் தெரியும்: முதலாவது ஆடுகிறது, பக்கத்தில் உள்ள இரண்டாவது ஏறக்குறைய அசையாமல் நிற்கிறது, மூன்றாவது முதலாவதின் மூன்றிலொரு பங்கு வீச்சில் எதிர்ப்பக்கம் போகிறது. ஆட்டம் ஓரத்திலேயே தங்கிவிட்டது. எனக்கு இந்தப் பாடத்தில் மிகப் பிடித்த காட்சி அந்த இரண்டாவது போத்தல்தான்.

இப்போது வரிசையை மாற்றுங்கள்: தூணோடு ஒன்று, அடுத்து மூன்று. அதே போத்தல்கள், அதே பேண்டுகள் (இரண்டு மிஞ்சும்), ஆனால் ஆட்டம் வரிசை முழுக்கப் பரவிவிடும். சங்கிலி எப்படி முடிகிறது என்பதே ஓர அதிர்வு உண்டா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது. இப்படி இணைப்பின் ஒழுங்கால் வரும் ஓர அதிர்வுதான் டோபாலஜிப் போனான். 1979இல் சு, ஷ்ரீஃபர், ஹீகர் மூவரும் பாலிஅசிட்டிலீன் சங்கிலியின் இலத்திரன்களுக்குச் சொன்ன மாதிரி இதற்கு அண்ணன்.

போனான்களைக் கவனிக்க இன்னொரு காரணம் ஸ்பின், அதாவது இலத்திரனைக் குட்டிக் காந்தம்போல ஆக்கும் தன்மை. சிலிக்கனில் அறை வெப்பநிலையில் இலத்திரனின் ஸ்பின் புரண்டுவிட முக்கியக் காரணம் போனான்களே. அதனால்தான் சிலிக்கன் படலத்தை இழுத்து, இலத்திரன் போனான்களோடு மோதும் வழிகளை அடைக்கப் பார்க்கிறார்கள்.

கடைசியாக, பழைய வரிசையையே திரும்பக் கட்டி, நான்காவது போத்தலில் பாதித் தண்ணீரைக் கொட்டிவிட்டு முதலாவதை மறுபடி இழுத்து விடுங்கள். அதே ஆட்டம்தான் வரும்: இரண்டாவதைப் போல நான்காவதும் அதில் ஏறக்குறைய அசையாத போத்தல்.