சக ஆசிரியரின் வகுப்பில் அமர்ந்து உதவுவது எப்படி? கல்லூரி ஆசிரியர்களுக்கான தொடக்க வழிகாட்டி

பள்ளியில் பாடம் நடத்த வருபவர் பி.எட். படிப்பின்போதே பயிற்சி வகுப்புகள் எடுத்து, மூத்தவர்களிடம் திருத்தம் பெற்றுவிடுகிறார். கல்லூரிக்கு வருபவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. முதுகலைப் பட்டத்தோடு நெட், செட் தகுதித் தேர்வுகளில் தேர்ச்சியோ முனைவர் பட்டமோ பெற்றவர் நேராக அறுபது மாணவர் முன் நிற்கிறார். 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின் பல்கலைக்கழக மானியக் குழு கல்லூரி ஆசிரியர்களுக்காகத் தொடங்கிய பணியிடைப் பயிற்சிக் கல்லூரிகள், இன்று மாளவியா பெயரிலான பயிற்சி மையங்களாக இயங்குகின்றன. அங்கே நடக்கும் அறிமுகப் பயிற்சியும் புத்தொளிப் பயிற்சியும் பயன் உள்ளவைதான். ஆனால் அவை ஆசிரியரைத் தம் வகுப்பிலிருந்து வெளியே அழைத்துச் சென்று நடத்தப்படுபவை. வகுப்பில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்துச் சொல்லக்கூடியவர், ஆசிரியர் அறையில் பக்கத்து நாற்காலியில் இருக்கும் சக ஆசிரியர் மட்டுமே. அந்தப் பொறுப்பை முதன்முறையாக ஏற்பவருக்காக இதை எழுதுகிறேன்.

முதல் படி: குறிப்புத் தாள் யாருடையது என்று முடிவு செய்யுங்கள்

நம் கல்லூரிகளில் ஒருவர் வகுப்பின் பின்னால் வந்து அமர்ந்தால், அது ஆய்வு என்றே பொருள்படுகிறது. ஆசிரியரின் குரல் மாறிவிடும். அன்றைக்கென்று தயாரித்த பாடம் நடக்கும். ஆகவே நீங்கள் எடுக்கும் குறிப்பு பதவி உயர்வுக் கோப்புக்கோ ஆண்டு மதிப்பீட்டுக்கோ போகாது என்பதைத் துறைத்தலைவரிடம் முன்கூட்டியே பேசி உறுதி செய்துகொள்ளுங்கள். வகுப்பு முடிந்ததும் தாளை ஆசிரியரிடமே கொடுத்துவிடுங்கள், நகல் வைத்துக்கொள்ளாதீர்கள். அழைப்பும் அவரிடமிருந்தே வரவேண்டும். இந்த ஒன்றில் தவறினால் மற்ற படிகள் எல்லாம் வீண் என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாம் படி: வகுப்புக்கு முன் கால் மணி நேரம்

அன்றைய பாடம் என்ன, மாணவர்கள் எங்கே தடுமாறுவார்கள் என்று எதிர்பார்க்கிறார், எதைக் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறார் என்ற மூன்றையும் கேளுங்கள். கவனிக்க வேண்டியது ஒரே கேள்வியாக இருப்பது நல்லது. “கடைசி இரண்டு வரிசையில் இருப்பவர்கள் எப்போது விலகிப் போகிறார்கள்?” என்பது நல்ல கேள்வி. “என் வகுப்பு எப்படி இருக்கிறது?” என்பதை வைத்துக்கொண்டு எதையும் கவனிக்க முடியாது.

மூன்றாம் படி: பார்த்ததை மட்டும் எழுதுங்கள்

இதுதான் கடினமான படி, பழகவும் நாளாகும். அறிவியல் வகுப்புகளைக் கவனிப்பதற்காக 2013இல் வெளியான கோபஸ் என்னும் முறையில், வகுப்பு நேரத்தை 2 நிமிடத் துண்டுகளாகப் பிரித்து, ஆசிரியரும் மாணவரும் ஒவ்வொரு துண்டிலும் என்ன செய்தார்கள் என்பதை 25 குறியீடுகளால் குறிக்கிறார்கள். தொடக்கத்தில் உங்களுக்கு ஆறு போதும்: ஆசிரியர் விளக்குகிறார், பலகையில் எழுதுகிறார், கேள்வி கேட்கிறார், மாணவர் கவனித்துக் கேட்கிறார், பதில் சொல்கிறார், தாமாகச் செய்து பார்க்கிறார். 50 நிமிட வகுப்புக்கு 25 வரிகள் வரும். பக்கவாட்டுச் சுவரை ஒட்டி, மாணவர் முகம் தெரியும் இடத்தில் அமருங்கள். நீங்கள் யாரையும் மதிப்பிட வரவில்லை என்பதை ஆசிரியரே மாணவரிடம் சொல்லிவிடட்டும்.

“மாணவர்கள் ஆர்வம் இல்லாமல் இருந்தனர்” என்று எழுதினால் அது உங்கள் தீர்ப்பு. “10.14: ‘புரிந்ததா?’ என்று கேட்டார். ஒரு விநாடி. முன்வரிசையில் இருவர் ‘புரிந்தது சார்’ என்றனர். அடுத்த கணக்கு தொடங்கியது” என்று எழுதினால், அதை எவரும் மறுக்க முடியாது, ஆசிரியருக்கு உதவுவதும் இதுவே. கேள்விக்குப் பின் விடப்படும் இடைவெளியை விநாடிக் கணக்கில் குறித்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் பள்ளிகளில் அறிவியல் வகுப்புகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, ஆசிரியர்கள் பெரும்பாலும் சுமார் ஒரு விநாடியே காத்திருக்கிறார்கள் என்றும், 3 விநாடி காத்திருந்தால் பதில்கள் நீள்வதோடு அதிக மாணவர்கள் பேச முன்வருகிறார்கள் என்றும் கண்டார்.

ஆங்கில வழி வகுப்பானால் இன்னொன்றையும் குறியுங்கள்: ஆசிரியர் எப்போது தமிழுக்கு மாறுகிறார், அப்போது யார் வாய் திறக்கிறார்கள்? தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வந்த மாணவர், கேள்வி இருந்தும் அதைக் கேட்கும் மொழி கைவராமல் முழுப் பருவமும் மௌனமாக இருந்துவிடக்கூடும். ஆசிரியர் பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கும்போது இது அவர் கண்ணில் படாது. உங்கள் கண்ணில் படும்.

நான்காம் படி: மாணவரிடம் கேளுங்கள்

பருவ இறுதியில் நிரப்பப்படும் கருத்துப் படிவம் அடுத்த ஆண்டு மாணவருக்கே உதவும். முதல் அகத்தேர்வு முடிந்த வாரமே கேட்பதற்கு ஏற்ற நேரம். ஆசிரியர் வெளியே போனபின், ஐந்தைந்து பேராகப் பிரித்து, எது கற்க உதவுகிறது, எது தடையாக இருக்கிறது, எதை மாற்றலாம் என்று 20 நிமிடம் கேளுங்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜோசப் கிளார்க் உருவாக்கிய முறையின் சுருக்கம் இது. பெரும்பான்மையோர் ஒப்புக்கொண்டதை மட்டும், பெயரின்றி ஆசிரியரிடம் கொண்டு செல்லுங்கள்.

ஐந்தாம் படி: பேச்சு, பிறகு ஒரே ஒரு மாற்றம்

இரண்டு நாட்களுக்குள், பிறர் காதில் விழாத இடத்தில் பேசுங்கள். முதலில் அவர் பேசட்டும். பிறகு தாளை அவரிடம் கொடுத்து, படிக்கும்வரை அமைதியாக இருங்கள். “பதினெட்டு நிமிடம் நானே தொடர்ந்து பேசியிருக்கிறேனே” என்று அவரே சொல்லும்போது, அதன்பின் நீங்கள் சொல்லும் யோசனைக்கு இடம் கிடைக்கிறது. அவர் உங்களைவிட மூத்தவராக இருந்தால் இந்த அமைதி இன்னும் முக்கியம்.

யோசனை ஒன்று போதும். நகர்த்த முடியாத பெஞ்சுகள் உள்ள பெரிய வகுப்புக்கு நான் முதலில் பரிந்துரைப்பது, ஹார்வர்டில் எரிக் மசூர் 1991இல் தொடங்கிய முறை. கருத்தைச் சோதிக்கும் ஒரு கேள்வியை நான்கு விடைகளுடன் பலகையில் எழுதி, ஒவ்வொருவரும் தனியே யோசித்து விரல்களால் விடை காட்டியபின், பக்கத்தில் இருப்பவரிடம் தம் காரணத்தைச் சொல்லச் செய்து, மறுபடி விடை கேட்க வேண்டும். பாடத்திட்டம் முடியாது என்ற அச்சம் நியாயமானது. அதனால் வகுப்புக்கு ஒரு கேள்வியோடு தொடங்கலாம். 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் ஸ்காட் ஃப்ரீமனும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரையில், அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் சராசரித் தோல்வி 33.8 விழுக்காடாகவும், மாணவர் செயல்படும் வகுப்புகளில் 21.8 விழுக்காடாகவும் இருந்தது.

ஆறாம் படி: மீண்டும் ஒருமுறை

மூன்று வாரம் கழித்து, அந்த ஒரு மாற்றத்தை மட்டும் பார்க்கப் போங்கள். அன்று தாளைக் கொடுக்கும்போது உங்கள் கால அட்டவணையையும் சேர்த்துக் கொடுத்து, உங்கள் வகுப்புகளில் ஒன்றுக்கு அவரை வரச் சொல்லுங்கள். அவர் கவனிக்க வேண்டிய கேள்வியை அட்டவணையின் கீழே நீங்களே எழுதி வையுங்கள்.