பழைய ஃபார்மால் டிராக்டரும் பருத்தி எடுக்கும் மெஷினும்: விலை மதிப்பது எப்படி?

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பண்ணை ஏலத்துக்குப் போனால், ஓரமாக ஒரு சிவப்பு ஃபார்மால் நிற்பதைப் பார்க்கலாம். நல்ல நேரம் இருந்தால், பெரிய கம்பிக்கூண்டைச் சுமந்தபடி ஒரு பருத்தி எடுக்கும் மெஷினும் பக்கத்தில் இருக்கும். இரண்டுக்கும் என்ன விலை கேட்கலாம்? பளபளப்பான பெயிண்டைப் பார்த்துக் காசைக் கொட்டியவன் என்ற தகுதியில் எழுதுகிறேன்.

1. முதலில் எண் தகடு

கிளட்ச் உறையின் இடப்பக்கம் ஒரு சின்னத் தகடு இருக்கும். எண்ணுக்கு முன்னால் எஃப்.பி.எச். என்றிருந்தால் அது எச் மாடல், எஃப்.பி.கே. என்றிருந்தால் எம். இரண்டும் 1939இல் வந்தவை. எச் சுமார் 3,90,000, எம் சுமார் 2,70,000 தயாரானது. ஆகவே சாதாரண எச் வண்டியைக் காட்டி "இது ரொம்ப அபூர்வம் சார்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். கரும்புக் காட்டுக்காக உயர்த்திச் செய்த எம்.வி. வகை நிஜமாகவே குறைவு. அதற்குக் கூடுதல் காசு கொடுக்கலாம்.

தகடு புதுசாக மின்னினால் சந்தேகப்படுங்கள். போலித் தகடு விற்பனைக்குக் கிடைக்கிறது. வார்ப்பு இரும்புப் பாகங்களில் மாதம், தேதி, ஆண்டுக்கான ஓர் எழுத்து எனக் குறி இருக்கும். அது தகடு சொல்லும் ஆண்டுக்குக் கொஞ்சம் முந்தியதாக இருக்க வேண்டும்.

2. இன்ஜின்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். இக்னிஷன் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, முன்பக்கக் கைப்பிடியைப் போட்டு மெல்லச் சுற்றுங்கள். கட்டை விரலைப் பிடிக்குள் மடக்காதீர்கள். திருப்பி அடித்தால் விரல் போய்விடும். அசையவே இல்லையென்றால் இன்ஜின் இறுகிவிட்டது, விலையை நன்றாகக் குறைத்துக் கேளுங்கள்.

அப்புறம் இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்ப்பின் அடித் திருகைக் கொஞ்சம் தளர்த்தச் சொல்லுங்கள். ஆயிலுக்கு முன்னால் தண்ணீர் சொட்டினாலோ, ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தாலோ, தண்ணீர் உள்ளே இறங்குகிறது என்று அர்த்தம். குளிர்காலத்தில் ரேடியேட்டரில் ஊற்றிய வெறும் தண்ணீர் உறைந்து, இன்ஜினின் இரும்பு உடலான பிளாக்கைப் பிளந்திருக்கலாம். நான் வாங்கிய எம் வண்டியில் அந்த விரிசலைப் பசையால் அடைத்து, மேலே புது சிவப்பு அடித்திருந்தார்கள். விரல் நகத்தால் பிளாக்கின் பக்கவாட்டில் ஒரு கோடு இழுத்துப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

3. சக்கரம்

எடைக்காகப் பின் டயருக்குள் உப்புக் கரைசல் ஊற்றும் பழக்கம் அங்கே உண்டு. வால்வைச் சுற்றி ரிம் அரித்திருக்கிறதா பாருங்கள். ரிம்மும் டயரும் மாற்றும் செலவு சில சமயம் வண்டி விலையையே எட்டிவிடும்.

4. பருத்தி எடுக்கும் மெஷின்

ஃபார்மாலைத் தயாரித்த இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் இதை 1942இல் அறிவித்தாலும், 1948இல் மெம்ஃபிஸ் தொழிற்சாலை ஓடத் தொடங்கிய பிறகே எண்ணிக்கை கூடியது. அதற்கு முந்தியவை கொஞ்சம்தான். 1944 அக்டோபரில் மிசிசிப்பியில் கிளார்க்ஸ்டேல் பக்கத்து ஹாப்சன் பண்ணையில் இந்த மெஷின்களை ஓட்டிக் காட்டினார்கள். கையால் எடுப்பவர் மணிக்கு 20 பவுண்டு பருத்தி எடுத்தால், மெஷின் சுமார் 1,000 பவுண்டு எடுத்தது. எந்தப் பண்ணையில் ஓடியது என்பதற்குப் பழைய ரசீதோ புகைப்படமோ இருந்தால் மெஷினின் மதிப்பு தனி.

செடி சக்கரத்தில் மிதிபடும் முன், பஞ்சை எடுக்கும் சுழல் உருளையான டிரம்மில் சிக்க வேண்டும் என்பதால், டிராக்டரைப் பின்னோக்கி ஓடும்படி மாற்றி அதன்மேல் இதைப் பொருத்தினார்கள். வேலை முடிந்ததும் பலர் டிராக்டரை மட்டும் கழற்றிக்கொண்டு மிச்சத்தைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டார்கள். முழுசாக நிற்பவை அரிதானது இதனால்தான்.

டிரம்முக்குள் கைவிளக்கு அடித்துப் பாருங்கள். வரிசை வரிசையாக ஸ்பிண்டில்கள் இருக்கும். ஈரமாகச் சுழன்று காயிலிருந்து பஞ்சைச் சுற்றி இழுப்பவை அவைதான். ஒன்றைத் தொட்டால் முள் போன்ற பற்கள் விரலில் உரச வேண்டும். வழவழவென்று இருந்தால் தேய்ந்துவிட்டது. கையால் சுற்றினால் சுற்ற வேண்டும், ஆடக் கூடாது. ஸ்பிண்டில் நூற்றுக்கணக்கில் இருப்பதால் எல்லாவற்றையும் மாற்றுவது கட்டுப்படியாகாது. அடுத்து, பஞ்சை உருவிவிடும் டாஃபர், ஈரப்படுத்தும் பட்டைகள், பஞ்சைக் கூண்டுக்கு ஊதித் தள்ளும் காற்றாடி, கூண்டு எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். எது குறைகிறது என்று தெரியவில்லையா? வாஷிங்டனில் உள்ள அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் 'ஓல்ட் ரெட்' என்ற 1943ஆம் வருட மெஷின் இருக்கிறது. அதன் படத்தைக் கைபேசியில் வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள்.

5. விலை

எடைக்குப் போட்டால் என்ன தேறும் என்று முதலில் கணக்குப் போடுங்கள். எம் வண்டி மட்டுமே இரண்டு டன்னுக்கு மேல். அது அடிமட்டம். பிறகு அதே மாடல் சமீபத்திய ஏலங்களில் எவ்வளவுக்குப் போனது என்று தேடுங்கள். விளம்பரத்தில் கேட்கிற விலை ஆசை விலை, அதை நம்பாதீர்கள். துரு இருந்தாலும் அசல் பாகங்களோடு நிற்கும் வண்டியை, புது பெயிண்ட் அடித்த வண்டியைவிட நான் மேலே வைப்பேன்.

கடைசியாக லாரி வாடகை. கூண்டோடு இருக்கும் மெஷின் சாலையில் போக உயரம் இடிக்கும், கழற்றித்தான் ஏற்ற வேண்டும். அந்தக் கூலியையும் கழித்துக்கொண்டு அப்புறம் ஏலத்தில் கை தூக்குங்கள்.