முழங்கை மூட்டில் பெயிண்ட் உரிந்த ஆக்‌ஷன் ஃபிகர்: சரிசெய்த விதம்

மூன்றாம் தடவை மடக்கும்போதே ஆக்‌ஷன் ஃபிகரின் (கைகால் மடக்கக்கூடிய பொம்மை) முழங்கையில் பெயிண்ட் உரிந்து, அடியிலிருந்த பிளாஸ்டிக் பல்லிளித்தது. குறை பெயிண்டில் இல்லை, மூட்டின் இரு பாகங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியில். ஒவ்வொரு பூச்சும் மூட்டைத் தடிமனாக்கும். உரசல் அதைச் சுரண்டிவிடும்.

கொதித்து இறக்கிய நீரில் பொம்மையின் கையை ஒரு நிமிடம் போட்டதும் மூட்டு இளகிக் கழன்றது. (சூடாக்காமல் இழுத்தால் உள்ளிருக்கும் முளை முறியக்கூடும்.) உரசும் இரு பக்கங்களையும் 400, பிறகு 800 எண் உப்புத்தாளால் தேய்த்தேன். கால் மில்லிமீட்டர் குறைந்தால் போதும். மிஞ்சினால் மூட்டு தொளதொளத்துவிடும், அது இதைவிடப் பெரிய தலைவலி. சோப்பு நீரில் கழுவிக் காயவைத்து, நீர்த்த அக்ரிலிக் பெயிண்ட் மூன்று மெல்லிய பூச்சு. உரசும் இடத்தில் மட்டும் பூசவில்லை. மேலே மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ். 24 மணி நேரம் கழித்தே பொருத்தினேன். ஸ்ப்ரே பெயிண்டைத் தவிர்த்தேன்: மென்மையான பிவிசி பிளாஸ்டிக்கில் பலவும் காயாமல் பிசுபிசுக்கும்.