பஸ் நம்பரும் பத்து ஈர்க்குத் துண்டும்: சின்ன வகுப்புப் பிள்ளைக்குப் புதிர் போடும் விதம்

வெள்ளவத்தையில் காலி வீதி ஓரம் பஸ்ஸுக்கு நின்றால் 100, 101, 155 என்று வந்துகொண்டே இருக்கும். நுகேகொடைப் பக்கம் என்றால் 138. கழித்தல் தெரிந்த பிள்ளைக்கு, அதாவது தரம் 3இலிருந்து, இந்த நம்பர்களே போதும்.

138ஐ எடுங்கள். அதிலுள்ள மூன்று இலக்கங்களால் ஆகப் பெரிய எண்ணையும் ஆகச் சிறிய எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். 831, 138. கழித்தால் 693. இப்போது 693ஐ வைத்து அதையே திரும்பச் செய்ய வேண்டும்: 963 கழி 369, விடை 594. இன்னொருமுறை: 954 கழி 459, விடை 495. அடுத்தமுறையும் 495தான் வரும். அதற்கு மேல் நகராது.

155ஐப் போட்டால் 396, 594, 495. வேறு பாதை, அதே முடிவு. பிள்ளை நிமிர்ந்து பார்ப்பது இந்த இரண்டாவது பஸ்ஸில்தான். ஆகவே முதல் பஸ்ஸோடு நிறுத்தாதீர்கள். “எல்லா நம்பரும் 495க்குத்தான் வரும்” என்று நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடவும் வேண்டாம். சொல்லிவிட்டால் அது இன்னொரு கழித்தல் பயிற்சி, அவ்வளவுதான்.

பிழை வருகிற இடம் ஒன்று உண்டு. 100ஆம் நம்பரில் 100 கழி 001, விடை 99. பிள்ளை அதை 99 என்றே வைத்துக்கொண்டு 99இலிருந்து 99ஐக் கழித்துப் பூச்சியத்தில் நின்றுவிடும். 099 என்று மூன்று இலக்கமாக எழுதவேண்டும் என்பதை ஆட்ட விதியாக முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அப்போது 990 கழி 099 என்று போய், 891, 792, 693, 594, 495. ஆறு படி. மூன்று இலக்க எண் எதுவும் ஆறு படிக்கு மேல் போகாது. 222, 555 போல மூன்றும் ஒரே இலக்கமாக இருப்பவை மட்டும் பூச்சியத்தில் விழும். அதைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும், சொல்லிக்கொடுப்பதைவிட நெடுநாள் நினைவிருக்கும்.

கடன் வாங்கிக் கழிப்பதில் தடுமாறும் பிள்ளைக்குச் சதுர றூள் கொப்பி கொடுங்கள், ஒரு கட்டத்தில் ஓர் இலக்கம். விடைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுத வைப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 693, 594, 396, 891: நடு இலக்கம் எப்போதும் 9. முதலாவதையும் கடைசியையும் கூட்டினாலும் 9. கீழ்க்கீழாக இருந்தால் இது கண்ணில் படும். பட்டதும் பிள்ளை ஓடிவந்து சொல்லும். அப்போது “ஓம், அது 99இன் மடங்கு” என்று முடித்துவிடாமல், “எல்லாத்திலயும் அப்படியா மகள்? இல்லாத ஒன்று கண்டுபிடிக்க ஏலுமா?” என்று கேட்டுப் பாருங்கள். அரை மணித்தியாலம் தேடும், பூச்சியத்தில் விழுபவற்றை விட்டால் கிடைக்காது. கிடைக்காததுதான் அங்கே விசயம்.

மூன்று இலக்கம் அலுத்துவிட்டால் வீதியில் போகும் வாகனங்களின் தகட்டிலுள்ள நாலு இலக்கம் இருக்கிறது. நாலும் ஒரே இலக்கமாக இல்லாவிட்டால் அது 6174இல் போய் நிற்கும், கூடினால் ஏழு படி. இந்தியாவின் நாசிக்குக்கு அருகே தேவ்லாலியில் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்த கப்ரேக்கர் 1949இல் கண்டது இது.

தரம் 1, 2 பிள்ளைகளுக்குக் கழித்தல் வேண்டாம், விளக்குமாற்று ஈர்க்கு போதும். விரல் நீளத் துண்டு பத்து வெட்டி நிரையாக வையுங்கள். (நெருப்புக்குச்சி என்றால் மருந்து முனையை நறுக்கிவிடுங்கள்.) இரண்டு பேர் மாறி மாறி எடுக்கவேண்டும், ஒருமுறைக்கு ஒன்று அல்லது இரண்டு. கடைசி ஈர்க்கை எடுப்பவர் வென்றார். முதல் ஐந்தாறு ஆட்டம் கைபோன போக்கில் போகும். பிறகு, தன் முறை வரும்போது மூன்று மிஞ்சியிருந்தால் தப்ப வழியில்லை என்று பிடிபடும். அடுத்து ஆறு, அதன்பிறகு ஒன்பது. ஒன்பது பிடிபட்டவுடன், முதலில் தொடங்கி ஒன்றை மட்டும் எடுத்தால் வெற்றி என்பது தானாக வரும். சில பிள்ளைகளுக்கு ஒரு பின்னேரம், சிலருக்கு இரண்டு கிழமை.

இதில் பெரியவர்கள் விடும் பிழை, பாவம் பார்த்துத் தோற்றுக்கொடுப்பது. மேசையில் நாலு ஈர்க்கு இருக்க, உங்கள் முறையில் வேண்டுமென்றே இரண்டை எடுத்தால் பிள்ளை வெல்லும். ஆனால் “மூன்றை மிச்சம் விட்டவர் வெல்வார்” என்று அது கட்டிவந்த எண்ணம் குழம்பிவிடும். தோற்க வேண்டுமென்றால் தொடக்கத்திலேயே பிழை விடுங்கள். ஐந்தோ நாலோ இருக்கும்போது ஒழுங்காக ஆடுங்கள். அண்ணனும் தங்கையும் ஆடினால் இந்தச் சிக்கலே இல்லை.

பிள்ளை தொடர்ந்து வெல்லத் தொடங்கினால் விதியை மாற்றச் சொல்லுங்கள்: மூன்று வரை எடுக்கலாம் என்றால்? அப்போது பொறி நாலிலும் எட்டிலும் இருக்கும். புது விதியைப் பிள்ளையே சொல்வது நல்லது, குளறுபடியான விதியாக இருந்தாலும்.

காசுப் புதிருக்கு 1, 2, 5 ரூபாய்க் குற்றிகள் வேண்டும். போதாவிட்டால் அட்டையில் வட்டம் வெட்டி எழுதுங்கள். 10 ரூபாயை எத்தனை விதமாகச் சேர்க்கலாம்? பத்து விதம். ஆனால் பிள்ளை ஏழு என்றோ பதின்மூன்று என்றோ வந்து நிற்கும். பதின்மூன்று என்றால் 5, 2, 2, 1ஐயும் 2, 5, 1, 2ஐயும் இரண்டாக எண்ணியிருக்கும். பிழை என்று சொல்லாமல், ஒவ்வொரு சேர்க்கையையும் பெரிய குற்றி முன்னுக்கு வர அடுக்கச் சொல்லுங்கள். ஒன்றுபோல இரண்டு வந்தால் தானே ஒன்றை எடுத்துவிடும். ஏழு என்றால், “இனி வேறு இல்லை என்று எப்படித் தெரியும்?” என்ற கேள்வி. ஐந்து ரூபாய் இரண்டு இருந்தால் ஒரு விதம், ஒன்று இருந்தால் மூன்று, இல்லாவிட்டால் ஆறு என்று பிரித்துப் பார்க்கும் யோசனை அதிலிருந்துதான் பிறக்கும்.

கேள்வி கேட்டபின் காத்திருங்கள். மனதுக்குள் இருபது எண்ணும்வரை பேசவேண்டாம். இது சொல்கிற அளவு சுகமில்லை, ஏழிலேயே வாய் துடிக்கும்.

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் நுண்ணறிவு வினாக்களோடு இதைக் கலக்கவேண்டாம். அங்கே மணிக்கூட்டோடு ஓடவேண்டும், இங்கே மெதுவாகப் போகவேண்டும். ரியூசனால் களைத்துவந்த பின்னேரம் புதிருக்கு ஆகாது. பத்து நிமிடம் போதும், வான் ஓட்டத்திலோ சோறு வேகும் நேரத்திலோ. முடியவில்லையா, ஈர்க்கு மேசையிலேயே கிடக்கட்டும். பிள்ளை அந்தப் பக்கம் போகும்போது கை அதில் படும்.