கயிறு கட்டுறதுக்கு முன்னாடி பேனட்டைத் தொறங்க

வண்டி நடுரோட்டுல நின்னுருச்சுன்னா உடனே கயிறு தேடாதீங்க, மொதல்ல பேட்டரி டெர்மினலை (வயர் மாட்டுற முனையை) கையால ஆட்டிப் பாருங்க. திண்டிவனம் தாண்டி ஒரு ராத்திரி என் வண்டி செல்ஃப் எடுக்காம டக் டக்னு மட்டும் சத்தம் போட்டுச்சு, ஃப்ரெண்டு கார்ல கட்டி ஒர்க்‌ஷாப் வரைக்கும் இழுத்துட்டுப் போனா மெக்கானிக் லூஸா இருந்த டெர்மினலை 10ஆம் நம்பர் ஸ்பேனரால ஒரே திருகு, ஸ்டார்ட் ஆயிருச்சு. அந்த அசிங்கம் உங்களுக்கு வேணாம்.

சரி, இழுத்துத்தான் ஆகணும்னா, டிக்கில ஜாக்கியோட ஒரு கொக்கி இருக்கும், பம்பர்ல இருக்குற சின்ன மூடியக் கழட்டி அதை முழுசா உள்ள போற வரைக்கும் திருகுங்க (சில வண்டில மரை தலைகீழா இருக்கும், இடப்பக்கமா திருகணும்). பம்பர்லயோ சஸ்பென்ஷன்லயோ கயிறு கட்டவே கூடாது. ரெண்டு வண்டிக்கும் நடுவுல 5 மீட்டருக்கு மேல போகக்கூடாதுன்னு நம்ம ஊர் ரோடு ரூல்ஸே சொல்லுது, வேகமும் 20, 25 போதும். கயிறு நடுவுல ஒரு ஈரச் சாக்கைப் போடுங்க, அறுந்தா சாட்டை மாதிரி மேல வந்து அடிக்காம கொஞ்சம் கீழ விழும், குறுக்க வர்ற பைக்காரனுக்கும் கண்ணுல படும்.

பின்னாடி வண்டில சாவி ஆன்ல இருக்கணும், இல்லன்னா ஸ்டியரிங் லாக் விழுந்துரும். இன்ஜின் ஓடாததால ரெண்டு மூணு மிதிக்கு அப்புறம் பிரேக் கல்லு மாதிரி ஆயிரும், ஸ்டியரிங்கும் கனக்கும், அதனால பின்னாடி உக்கார்றவர்தான் நல்லா ஓட்டத் தெரிஞ்சவரா இருக்கணும். ஆட்டோமேட்டிக், எலக்ட்ரிக் வண்டின்னா கயிறே வேணாம், தூக்கி ஏத்திட்டுப் போற ஃப்ளாட்பெட்தான்.

வீட்டுக்கு வந்ததும் கனெக்டரை, அதாவது வயர் வந்து மாட்டுற இடங்களைக் கவனிங்க. பேட்டரில மொதல்ல மைனஸைக் கழட்டணும், மாட்டும்போது மைனஸ் கடைசி. டெர்மினல்ல பூத்திருக்குற பச்சை, வெள்ளையை சோடா உப்பு கலந்த தண்ணியும் பழைய டூத்பிரஷ்ஷும் போட்டுத் தேய்ச்சா போயிரும், நல்லா காய விட்டு மாட்டுங்க. மத்த கனெக்டரை வயரைப் புடிச்சு இழுக்காம லாக்கை அமுக்கிக் கழட்டுங்க, கான்டாக்ட் கிளீனர் (கனெக்டரைச் சுத்தம் பண்ற ஸ்ப்ரே) மட்டும் அடிங்க, உப்புத்தாள் போட்டா பின் மேல இருக்குற பூச்சு போயிரும், அப்புறம் இன்னும் சீக்கிரமா துரு புடிக்கும். டைஎலக்ட்ரிக் கிரீஸ் கரண்டைக் கடத்தாது, அதனால பின்னுல அப்பாம ரப்பர் சீல்ல லேசா தடவுனா போதும். மஞ்சக் கலர் கனெக்டர் இருந்தா பெரும்பாலும் ஏர்பேக்கோடது, அதுல கையே வைக்காதீங்க.