காலில் கோளாறு, இடுப்பில் ஸ்கேன்: நரம்புப் பரிசோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் நரம்பியல் ஓ.பி.க்கு வரும் புது ஹவுஸ் சர்ஜன்கள் (பயிற்சி மருத்துவர்கள்), அந்த வயதில் நாங்கள் செய்த அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள். வலது மூளை இடது கையை இயக்கும் என்பதையெல்லாம் யாரும் மறப்பதில்லை. அதை விடுங்கள்.

கால் என்றாலே இடுப்பு என்று முடிவு கட்டுவது

கோயம்பேடு சந்தையில் மூட்டை தூக்குபவர் ஒருவர், கால் விறைத்துக்கொள்கிறது என்று வந்தார். கையில் பெரிய ஸ்கேன் கவர். வேறொரு இடத்தில் இடுப்புக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து, எல்4-எல்5 டிஸ்க் (இடுப்பின் நான்காம், ஐந்தாம் எலும்புகளுக்கு நடுவே உள்ள தட்டு) பிதுங்கியிருக்கிறது என்று பெல்ட் மாட்டி மாதக்கணக்கில் அலைய விட்டிருந்தார்கள். கூலிப் பணம் மொத்தமும் போச்சு. நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல்தான்.

டிஸ்க் பிதுங்கியிருந்தது உண்மை. ஆனால் முதுகுவலியே இல்லாத பலருக்கும் அப்படி இருக்கும்.

பெரியவர்களுக்குத் தண்டுவடம் எல்1-எல்2 எலும்பு மட்டத்திலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே வெறும் நரம்பு வேர்கள். வேர் நசுங்கினால் தசை தளரும், மெலியும், ரிஃப்ளெக்ஸ் (தட்டினால் தசை தானாகத் துள்ளுவது) குறையும். இவருக்கோ கால் விறைப்பு, முழங்காலில் தட்டினால் துள்ளல், உள்ளங்காலைக் கீறினால் பெருவிரல் மேல்நோக்கி எழுகிறது. பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் பாபின்ஸ்கி 1896இல் சொன்ன அந்த அடையாளம், மூளையிலிருந்து இறங்கும் பாதை எங்கோ அடிபட்டிருக்கிறது என்று காட்டுவது. எல்4-எல்5இல் அந்தப் பாதையே கிடையாதே! மேலேதான் தேட வேண்டும்: நெஞ்சுப் பகுதி, கழுத்து, சில சமயம் மூளை.

சட்டைப் பொத்தான் போட முடிகிறதா என்று கேட்டோம். கொஞ்ச நாளாக மனைவிதான் போட்டுவிடுகிறாராம். செருப்பு? நழுவுவதே தெரிவதில்லை. (தெரிந்து நழுவினால் பலவீனம், தெரியாமலே நழுவினால் உணர்ச்சியும் போயிருக்கிறது. இந்தக் கேள்வியை விடவே விடாதீர்கள்.) முகம் கழுவக் கண்ணை மூடினால் தள்ளாட்டம். கையும் சேர்ந்து கெட்டிருக்கும்போது இடுப்பு எப்படிக் காரணமாகும்? கழுத்தில் தண்டுவடம் நசுங்கியிருந்தது. தலையில் சுமந்து பிழைப்பவருக்குக் கழுத்தைப் பார்க்க அதுவரை யாருக்கும் தோன்றவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு மேற்கொண்டு மோசமாகவில்லை. ஆனால் பெல்ட் போட்டுத் திரிந்த மாதங்களில் போன பலம் முழுசாகத் திரும்பவில்லை.

ஆகவே முதலில் ரிஃப்ளெக்ஸ் தட்டிப் பார்க்கும் சுத்தியல், அப்புறம் ஸ்கேன். எந்த இடத்துக்கு ஸ்கேன் என்பதைச் சொல்வதே சுத்தியல்தான்.

எலும்பு எண்ணையும் செக்மென்ட் எண்ணையும் ஒன்றாக்குவது

தண்டுவடத்தில் ஒரு ஜோடி நரம்பு கிளம்பும் துண்டுதான் செக்மென்ட். கழுத்தில் எலும்பு 7, நரம்பு 8 ஜோடி. குழப்பம் அங்கேயே ஆரம்பம். தொப்புளுக்குக் கீழே மரத்திருந்தால் அது டி10, அதாவது நெஞ்சுப் பகுதியின் பத்தாவது செக்மென்ட். அந்த செக்மென்ட் கிடப்பது இரண்டு மூன்று எலும்பு மேலே. அழுத்தம் அதற்கும் மேலே இருக்கலாம். டி10 எலும்பை மட்டும் படம் எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தால், கோளாறு படத்துக்கு வெளியே நிற்கும்.

முகம் கோணினால் நெற்றியைப் பார்க்காமல் விடுவது

நெற்றி இரு பக்கமும் சுருங்குகிறதா? அப்படியென்றால் பக்கவாதமாக இருக்கலாம், ஓடுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக 4.5 மணி நேரம்தான் அவகாசம்.

ரிஃப்ளெக்ஸ் இல்லை என்று அவசரமாக எழுதுவது

நோயாளியை இரு கை விரல்களையும் கோத்து இழுக்கச் சொல்லி, இழுக்கும்போதே மறுபடி தட்டுங்கள்.

வேட்டிக்கு மேலேயே தட்டுவது

விலக்கிவிட்டுத் தட்டுங்கள், தசையைப் பார்க்க வேண்டாமா?